ஓவியராக விரும்பிய விஞ்ஞானி

உயிரியல் பாடப் புத்தகத்தில் நரம்புச் செல்லின் படத்தை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். நட்சத்திரம் போன்ற ஓர் உடல், அதிலிருந்து மரக்கிளைகளைப் போலப் பிரிந்து செல்லும் டென்ட்ரைட்டுகள், நீண்ட வால் போன்ற ஆக்சான். படம் வரைந்து பாகங்களைக் குறிக்கச் சொன்னால் வரைகிறோம். ஸ்கேல் வைத்துக் கோடிழுத்துப் பெயர் எழுதுகிறோம். அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறோம். இந்தச் செல்கள் ஒவ்வொன்றும் தனித்தனியானவை, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாதவை என்று உலகுக்குத் தெளிவாகக் காட்டியவர் ஒரு ஸ்பானிய மருத்துவர். சிறு வயதில் அவர் மருத்துவராக விரும்பவில்லை, விஞ்ஞானியாகவும் விரும்பவில்லை. ஓவியராகவே விரும்பினார். அந்த ஆசையை அடித்து விரட்டப் பார்த்தார் அவருடைய தந்தை. வாசல் வழியாக விரட்டப்பட்ட அந்த ஆசை கொல்லைப்புறமாக வீட்டுக்குள் வந்து சேர்ந்த கதைதான் இது.

அவர் பெயர் சந்தியாகோ ரமோன் இ காஹால். நம் ஊர்ப் பக்கம் சந்தியாகு என்று பெயர் வைப்பார்களே, அதே பெயர்தான். சந்தியாகப்பர் என்று நாம் அழைக்கும் அப்போஸ்தலரின் பெயர். ரமோன் என்பது தந்தை வழிப் பெயர், காஹால் என்பது தாய் வழிப் பெயர். இரண்டுக்கும் நடுவிலுள்ள எழுத்து இரண்டையும் சேர்க்கும் இணைப்புச் சொல். தாயின் பெயரையும் விடாமல் சேர்த்து எழுதும் அந்நாட்டு வழக்கம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. விஞ்ஞான உலகம் அவரைத் தாயின் பெயராலேயே காஹால் என்று அழைக்கிறது.

1852-ஆம் ஆண்டு மே மாதம் முதல் தேதி, வட ஸ்பெயினில் பெத்தில்யா என்னும் மலைக்கிராமத்தில் காஹால் பிறந்தார். தந்தை ஹுஸ்தோ ரமோன் கிராம வைத்தியர். அவரைக் கொடுமைக்காரர் என்று ஒரே சொல்லில் முடித்துவிடக் கூடாது. ஏழை விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். சிறு வயதில் ஒரு வைத்தியரிடம் எடுபிடியாக வேலை செய்து, கையில் கொஞ்சம் காசு சேர்ந்ததும் கால்நடையாகவே பார்சலோனா நகருக்குச் சென்றவர். அங்கே முடிதிருத்தும் கடையில் வேலை பார்த்துக்கொண்டே மருத்துவம் படித்தார். பட்டினி கிடந்து படித்த மனிதருக்குப் படிப்பு ஒன்றே கரை சேர்க்கும் தோணியாகத் தெரிந்தது. ஓவியம், கவிதை, கதை எல்லாம் வயிற்றை நிரப்பாத வீண் வேலைகள் என்று அவர் உறுதியாக நம்பினார். இப்படி நம்பும் பெற்றோரை நம் ஊரிலும் காண்கிறோம். அவர்கள் நம்மீது வைத்த அன்பினால்தான் அப்படி நம்புகிறார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

மகனுக்கு எழுத்தும் கணக்கும் பூகோளமும் சொல்லிக்கொடுத்தவர் ஹுஸ்தோவே. அக்குடும்பம் வால்பால்மாஸ் என்ற ஊரில் வாழ்ந்தபோது, ஆட்டு மந்தைக்காரர்கள் விட்டுச் சென்ற ஒரு குகைக்குள் மகனை அழைத்துப்போய், அங்கே உட்காரவைத்துப் பிரெஞ்சு மொழி கற்பித்தாராம். வீட்டில் இருந்தால் நோயாளிகள் வந்து பாடத்தைக் கெடுத்துவிடுவார்கள் என்று குகையைத் தேடிப் போன தந்தை அவர்! பின்னாளில் காஹால் பாரிசு, பெர்லின் விஞ்ஞானிகளோடு பேசவும் எழுதவும் உதவியது அந்தக் குகைப் பிரெஞ்சுதான்.

அதே ஊரில் நடந்த இரண்டு நிகழ்ச்சிகள் சிறுவன் மனத்தில் ஆழப் பதிந்தன. ஒரு நாள் புயல் மழையின்போது கோயில் மணியை அடித்துக்கொண்டிருந்த பங்குத்தந்தை இடி விழுந்து இறந்தார். இயற்கை யாரையும் விட்டுவைக்காது என்று சிறுவன் திகைத்துப்போனான். பிறகு 1860 ஜூலை 18-ஆம் தேதி முழுச் சூரிய கிரகணம் வந்தது. இன்ன நாள், இன்ன நேரம் என்று வானநூலார் முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள்; தந்தையும் விளக்கியிருந்தார். சொன்னபடியே பகல் இருண்டது. இடியைக் கண்டு நடுங்கிய அதே சிறுவன், கிரகணத்தைக் கண்டு மனித அறிவின்மேல் மதிப்புக் கொண்டான்.

அந்த ஆண்டே குடும்பம் அயெர்பே என்னும் ஊருக்குக் குடிபெயர்ந்தது. அங்கேதான் சித்திரப் பைத்தியம் முற்றியது. எட்டு வயதுச் சந்தியாகோ காகிதம் கிடைத்தால் காகிதத்தில், கிடைக்காவிட்டால் சுவரில், கதவில் வரைந்தான். வண்ணம் வாங்கக் காசு ஏது? அக்காலத்தில் சுருட்டுப் புகைப்பவர்களுக்காகச் சிறு காகிதக் கட்டுகள் விற்கப்படும். அவற்றின் மேலட்டை சிவப்பாகவும் நீலமாகவும் இருக்கும். அந்த அட்டைகளைத் தண்ணீரில் ஊறவைத்துச் சாயத்தைப் பிழிந்தெடுத்து வண்ணமாக்கிக்கொண்டான். இது ஒன்றே போதும், இந்தப் பிள்ளை வேதியியலும் கற்கக்கூடியவன் என்பதற்கு. ஆனால் வீட்டில் அப்படி யாருக்கும் தோன்றவில்லை. பென்சில்களும் படங்களும் பறிமுதலாயின.

ஆயினும் ஹுஸ்தோ நேர்மையானவர். மகனுக்கு உண்மையிலேயே திறமை இருக்கிறதா என்று விவரம் தெரிந்தவரிடம் கேட்டுவிடலாம் என எண்ணினார். ஆனால் அந்தச் சிற்றூரில் ஓவியர் எவரும் இல்லை. தீயினால் பழுதுபட்ட கோயிலின் சுவர்களுக்குப் பூச்சு வேலை செய்ய வந்திருந்த ஒரு வெளியூர்க்காரர்தான் அகப்பட்டார். அவரிடம் சந்தியாகோ வரைந்த சந்தியாகப்பர் படத்தைக் காட்டினார்கள். பூச்சு வேலைக்காரர் படத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இது வெறும் கிறுக்கல், பையன் ஒருநாளும் ஓவியன் ஆக மாட்டான் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். அதோடு வழக்கு முடிந்தது. பையன் மருத்துவன் ஆகவேண்டும் என்று தந்தை முடிவுசெய்தார்.

அடுத்துச் சேர்க்கப்பட்ட இடம் ஹாக்கா நகரில் துறவியர் நடத்திய பள்ளி. நமது பத்திரிகையில் இதை எழுதலாமா என்று எனக்கும் ஒரு தயக்கம் வந்தது. மறைத்து எழுதினால் அது வாழ்க்கை வரலாறு ஆகாது. அங்கே லத்தீன் இலக்கணத்தைச் சொல்லுக்குச் சொல் ஒப்பிக்கவேண்டும். தவறினால் அடி, உணவின்றி இருட்டறை. பொருள் புரிந்தால் பத்து நாளும் மறக்காத சந்தியாகோவுக்கு, புரியாததை ஒப்பிக்க வரவில்லை. பாடப் புத்தகத்தின் ஓரங்களில் படம் போட்டான், அதற்கும் அடி. ஆண்டு முடிவில் எலும்பும் தோலுமாக வீடு திரும்பினான். பல வருடம் கழித்துப் பேராசிரியரான பின்னும், மனப்பாடத்தை மட்டுமே அறிவென்று எண்ணும் கல்வியை அவர் ஏற்கவே இல்லை.

பிறகு உவெஸ்கா நகரத்துப் பள்ளி. விடுமுறைக்கு வந்தபோது, நண்பர்களோடு மரக்கட்டையைக் குடைந்து உண்மையாகவே சுடும் பீரங்கி ஒன்று செய்து, பக்கத்து வீட்டுத் தோட்டக் கதவைத் தூள்தூளாக்கினான். பதினோரு வயதில் சிறைவாசம்! தந்தையும் அதைத் தடுக்கவில்லை. படிப்பில் கவனம் இல்லை என்று முடிதிருத்தும் கடையில் ஒரு முறையும், செருப்புத் தைப்பவரிடம் ஒரு முறையும் வேலைக்கு விட்டார். சந்தியாகோ செருப்பு தைப்பதிலும் கெட்டிக்காரனாகிவிட்டான். கையால் செய்யும் வேலை எதுவானாலும் அவனுக்குப் பிடிபட்டது. இதைத் தண்டனை என்று தந்தை நினைத்தார். மைக்ரானால் அளக்கும் மெல்லிய திசுச் சீவல்களைச் சவரக் கத்தியால் அறுக்கப்போகும் கை அங்கே பழகிக்கொண்டிருந்தது என்று நான் நினைக்கிறேன்.

மீண்டும் பள்ளிக்கு அனுப்பப்பட்டபோது, ஓவிய வகுப்பில் சேரவும் அனுமதி கிடைத்தது. லெயோன் அபாதியாஸ் என்ற ஓவிய ஆசிரியர் அவனுடைய திறமையை உடனே கண்டுகொண்டார். மற்ற ஆசிரியர்களுக்கு அடங்காத பையன், இவருடைய வகுப்பில் அசையாமல் உட்கார்ந்து வரைந்தான். அவனைத் திருத்தப் பிரம்பு தேவைப்படவில்லை, பிடித்த வேலை ஒன்றே தேவைப்பட்டது.

இனி இக்கதையின் முக்கியமான இடத்துக்கு வருகிறேன். 1868-ஆம் ஆண்டுக் கோடை. மருத்துவப் படிப்புக்கு முன்னால் மகனுக்கு எலும்பியலைத் தாமே கற்பித்துவிட வேண்டும் என்று ஹுஸ்தோ தீர்மானித்தார். எலும்புக்கு எங்கே போவது? நிலவொளியில் தந்தையும் மகனும் ஊருக்கு வெளியேயிருந்த பழைய கல்லறைத் தோட்டத்துக்குச் சுவரேறிக் குதித்துப் போனார்கள். கைவிடப்பட்ட குழிகளில் புல்லுக்கு நடுவே கிடந்த மண்டையோடு, விலா, தொடை எலும்பு ஆகியவற்றைச் சேகரித்து வந்து, வீட்டுக் களஞ்சிய அறையில் பரப்பினார்கள். அதுதான் வகுப்பறை.

தந்தை எதிர்பார்த்தது சலிப்பும் முணுமுணுப்புமே. நடந்தது வேறு. எலும்பைக் கையில் எடுத்ததும் சந்தியாகோவுக்கு அது படமாகத் தெரிந்தது. ஒளி எங்கே விழுகிறது, நிழல் எங்கே தங்குகிறது, எந்த மேடு எந்தப் பள்ளத்தில் போய்ப் பொருந்துகிறது என்று பார்த்துப் பார்த்து வரையத் தொடங்கினான். நரம்பு நுழையும் துளை, தசை ஒட்டும் சொரசொரப்பு, மூட்டு உருளும் வழவழப்பு ஒவ்வொன்றும் வரைந்தபோது நினைவில் நின்றது. லத்தீன் வாய்பாட்டை ஒரு பக்கம் ஒப்பிக்க முடியாதவன், இருநூற்றுச் சொச்சம் எலும்புகளையும் அவற்றின் மேடு பள்ளங்களையும் கண்ணை மூடிக்கொண்டு சொன்னான். தந்தைக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. தெரிந்தவர்களை எல்லாம் கூப்பிட்டு மகனைக் கேள்வி கேட்கச் சொல்லிப் பெருமைப்பட்டார். அவர் அந்த அறையில் தேடியது ஒரு மருத்துவனை. அவருக்கு ஒரு மருத்துவனைத் தந்தது அவர் வெறுத்த பென்சில்.

இது ஏன் நடந்தது என்று நான் யோசித்துப் பார்த்தேன். ஒரு பொருளைப் பார்த்துவிட்டுப் பெயரை மட்டும் படித்தால், பார்த்ததாக நாம் எண்ணிக்கொள்கிறோம். அதையே வரையவேண்டும் என்றால் கண் ஒவ்வோர் ஓரத்தையும் தொட்டுக்கொண்டு போகவேண்டும். எங்கே தெரியவில்லையோ அங்கே பென்சில் நின்றுவிடும். நின்ற இடத்தில் மறுபடி பார்த்தாகவேண்டும். செம்பருத்திப் பூவை நிஜமாகவே முன்னால் வைத்து வரைந்த மாணவிக்கு மகரந்தக் குழல் சூல்தண்டைச் சுற்றியிருக்கும் விதம் மறக்காது. புத்தகப் படத்தைப் பார்த்து ரெக்கார்டு நோட்டில் நகல் எடுப்பதில் இந்தப் பலன் இல்லை. படம் அழகாக இருக்கலாம். பார்த்தது பூவையல்ல, வேறொருவர் பார்த்ததை. பின்னாளில் காஹால் இளம் ஆய்வாளர்களுக்காக எழுதிய அறிவுரை நூலில் இதைத்தான் வற்புறுத்துகிறார். வரைதல் கவனத்தைக் கட்டுப்படுத்துகிறது, பொருள் முழுவதையும் பார்க்கவைக்கிறது, சாதாரணப் பார்வைக்குத் தப்பும் நுட்பங்களைப் பிடித்துத் தருகிறது என்பது அவருடைய கருத்து.

அடுத்த ஆண்டுகளை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். தந்தை சரகோசா நகரத்தில் உடற்கூறு கற்பிக்கும் பணி பெற்றார். மகன் அங்கேயே மருத்துவம் பயின்று 1873-இல் பட்டம் பெற்றார். தந்தை பிணத்தை அறுத்துக் காட்ட, மகன் வண்ணத்தில் வரைய, இருவரும் சேர்ந்து உடற்கூற்றுப் படத் தொகுதி ஒன்றையே உருவாக்கினார்கள். அவ்வளவு வண்ணங்களை அச்சிடும் வசதி அவ்வூரில் இல்லாததால் அது நூலாக வெளிவரவில்லை. ஓவியத்தை விரட்டிய தந்தை, மகனுடைய ஓவியங்களை அச்சேற்ற அலைந்தார் என்பதை எண்ணிப் பாருங்கள், தோழியரே! பிறகு இராணுவ மருத்துவராகக் கியூபாவுக்குச் சென்ற காஹால், மலேரியாவும் சீதபேதியும் வாட்ட, 1875-இல் உயிர் ஒன்றே மிச்சமாகத் திரும்பினார். முனைவர் பட்டத் தேர்வுக்கு மத்ரித் நகருக்குப் போனபோது நல்ல நுண்ணோக்கிகளைக் கண்டு மயங்கி, ஒன்றைத் தவணை முறையில் வாங்கினார். காசநோய் வந்தது, மலைப்பகுதியில் ஓய்வெடுத்துத் தேறினார். அந்த நாட்களில் துணையாக இருந்தது புகைப்படக் கலை. 1879-இல் சில்வேரியா அம்மையாரை மணந்தார். குறைந்த சம்பளத்தில் பல குழந்தைகளையும் கணவருடைய ஆய்வுச் செலவையும் சேர்த்துக் கட்டிக்காத்த அந்த அம்மையாருக்குத் தனியாகவே ஒரு கட்டுரை எழுதவேண்டும்.

1884-இல் வாலென்சியாவில் உடற்கூற்றியல் பேராசிரியரானார். மறு ஆண்டு அப்பகுதியில் காலரா பரவியது. அது குறித்து அவர் செய்த ஆராய்ச்சியைப் பாராட்டிச் சரகோசா மாகாண ஆட்சிக்குழு சைஸ் நிறுவனத்தின் உயர்தர நுண்ணோக்கி ஒன்றைப் பரிசளித்தது. பேராசிரியருக்கு அது கண் கிடைத்தது போலாயிற்று.

கண் இருந்தும் என்ன? மூளையைச் சீவி நுண்ணோக்கியில் வைத்தால் ஒன்றும் புரியாது. கோடிக்கணக்கான செல்களும் அவற்றின் கிளைகளும் பின்னிப் பிணைந்து ஒரே புகைமூட்டமாகத் தெரியும். வேளாங்கண்ணித் திருவிழாவில் காவியுடை அணிந்து வரும் கூட்டத்தைத் தொலைவில் உயரத்திலிருந்து பார்ப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். ஒருவருடைய கை எங்கே முடிகிறது, அடுத்தவர் தோள் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியுமா? அந்தக் கூட்டத்தில் நூற்றில் ஒருவர் மட்டும் தலை முதல் கால் வரை கறுப்பு உடுத்தியிருந்தால், அவரை மட்டும் முழுதாகப் பார்த்துவிடலாம். இத்தாலிய மருத்துவர் கமில்லோ கோல்கை 1873-இல் வெளியிட்ட முறை இதைத்தான் செய்தது. நம் பாடத்தில் கோல்கை உறுப்பு என்று வருகிறதே, அந்தக் கோல்கை. நரம்புத் திசுவைப் பொட்டாசியம் டைகுரோமேட்டில் ஊறவைத்துக் கெட்டியாக்கிப் பின்பு சில்வர் நைட்ரேட்டில் இடவேண்டும். உள்ளே உண்டாகும் சில்வர் குரோமேட் எங்கோ சில செல்களை மட்டும் தேர்ந்து, அவற்றின் நுனிக்கிளை வரை கருமையாக நிரப்பிவிடும். மஞ்சள் நிறப் பின்னணியில் கறுப்புச் செல்! ஏன் சிலவற்றை மட்டும் தேர்கிறது என்பது இன்னும் முழுமையாக விளங்காத புதிர்.

1887-இல் லூயிஸ் சிமாரோ என்ற மருத்துவர் இந்தச் சீவல்களைக் காஹாலுக்குக் காட்டினார். மஞ்சள் தாளில் கறுப்பு மையால் வரைந்த கோட்டோவியம் போன்ற அந்தக் காட்சி, ஓவியரின் கண்ணுக்கு எப்படி இருந்திருக்கும்! அம்முறை அறிமுகமாகிப் பதினான்கு ஆண்டுகள் ஆகியிருந்தும், நம்பகமற்றது என்று பலர் ஒதுக்கியிருந்தார்கள். காஹால் ஒதுக்கவில்லை. சாயமேற்றுவதை இரண்டு முறை செய்து பார்த்தார். முதிர்ந்த மூளையில் ஆக்சானைச் சுற்றி ஓர் உறை இருப்பதால் சாயம் ஏறுவதில்லை என்று கண்டு, அந்த உறை உண்டாகாத கோழிக்குஞ்சுக் கருவையும் குட்டி விலங்குகளையும் எடுத்துக்கொண்டார். வளர்ந்த காட்டில் வழி தெரியாதபோது நாற்றங்காலுக்குப் போய்ப் பார்த்தது போல.

அக்காலத்தில் பெரும்பாலானவர்களின் நம்பிக்கை, மூளை முழுவதும் அறுபடாத ஒரே வலை என்பது. கோல்கையும் அப்படியே நம்பினார். 1888-இல் பார்சலோனாவில் பணியாற்றியபோது காஹால் பறவைகளின் சிறுமூளையை ஆராய்ந்தார். அங்கே பெரிய செல்கள் சில, பந்தலில் படரவிட்ட மல்லிகைக் கொடி போலத் தட்டையாகக் கிளை விரித்திருந்தன. வேறு சிறு செல்களின் ஆக்சான்கள் வந்து இந்தப் பெரிய செல்லின் உடலைக் கூடை பின்னியது போலச் சுற்றி வளைத்து, அங்கேயே முடிந்துவிட்டன. தொட்டுக்கொண்டு நின்றனவேயன்றி ஒன்றோடொன்று கலக்கவில்லை. அப்படியானால் மூளை ஒரே வலை அல்ல, தனித்தனி உயிரணுக்கள் நெருங்கி நின்று செய்தி பரிமாறும் கூட்டம்! மூன்று ஆண்டு கழித்து ஜெர்மானிய அறிஞர் வால்டயர் இந்த உயிரணுவுக்கு நியூரான் என்று பெயர் சூட்டினார்.

காஹால் வரைந்த விதம் சுவையானது. மணிக்கணக்கில் பல சீவல்களைப் பார்ப்பார். பிறகு பெரும்பாலும் நினைவிலிருந்து வரைவார். மறுபடி நுண்ணோக்கியோடு ஒப்பிட்டுத் திருத்துவார். ஒரு சீவலில் வேர் தெரியும், இன்னொன்றில் கிளை தெரியும். இரண்டையும் மனத்தில் இணைத்து ஒரே படமாக்குவார். தேர்ந்த புகைப்படக்காரரான அவர் புகைப்படமே எடுத்திருக்கலாமே என்று தோன்றும். 1912-இல் வண்ணப் புகைப்படக் கலை பற்றி ஒரு நூலே எழுதியவர்! ஆனால் நுண்ணோக்கி வழியே எடுக்கும் புகைப்படத்தில் ஒரே ஒரு தளம்தான் தெளிவாக விழும். மேலும் கீழும் ஓடும் கிளைகள் மங்கிப்போகும். கருவி பார்ப்பதற்கும் மனிதர் புரிந்துகொள்வதற்கும் உள்ள வித்தியாசம் அங்கே இருந்தது. எதை விடுவது, எதை வைப்பது என்று தீர்மானிக்க ஓவியருடைய கை வேண்டியிருந்தது.

கற்பனையும் வேண்டியிருந்தது. நரம்பில் செய்தி எந்தத் திசையில் ஓடுகிறது என்று இறந்த திசுவில் எப்படித் தெரியும்? விழித்திரையையும் மூக்கின் நரம்புகளையும் வரைந்து வரைந்து, டென்ட்ரைட்டுகள் செய்தியை வாங்குகின்றன, ஆக்சான் கொடுக்கிறது என்று ஊகித்தார். தம் படங்களில் சின்னஞ்சிறு அம்புக்குறிகளையும் இட்டார். இப்படியே 1890-இல், கோழிக்கருவின் வளரும் ஆக்சான் நுனியில் கூம்பு வடிவப் புடைப்பு ஒன்றைக் கண்டார். தடைகளைத் தள்ளிக்கொண்டு முன்னேறும் உயிருள்ள நுனி இது என்று கூறினார். அவர் பார்த்தது அசையாத ஒரு சீவலை மட்டுமே. 1907-இல் அமெரிக்க விஞ்ஞானி ராஸ் ஹாரிசன் தவளைக் கருவின் நரம்புத் திசுவை உயிரோடு வளர்த்தபோது, அந்த நுனி நகர்வதை நேரில் கண்டார்.

எழுதியவற்றை வெளியிடத் தகுந்த பத்திரிகை இல்லை. எனவே 1888 மே மாதம் சொந்தச் செலவில் ஒரு காலாண்டிதழைத் தொடங்கினார். அச்சிட்டது 60 பிரதிகள். கல்லச்சுக்கான படங்களையும் தாமே வரைந்தார். வெளிநாட்டு அறிஞர்களுக்கு அனுப்பினார். ஸ்பானிய மொழியில் இருந்ததால் பலர் பிரிக்கவே இல்லை போலும். பொறுத்துப் பார்த்துவிட்டு, 1889 அக்டோபரில் கைப்பணத்தைச் செலவழித்து, சீவல்களையும் நுண்ணோக்கியையும் தூக்கிக்கொண்டு பெர்லினில் நடந்த உடற்கூற்றியலார் மாநாட்டுக்குப் போனார். அரைகுறைப் பிரெஞ்சில் பேசி, மாநாட்டின் மூத்த அறிஞர் கோலிக்கரை ஏறக்குறைய இழுத்துவந்து நுண்ணோக்கியின் முன் நிறுத்தினார். எழுபது வயது தாண்டிய கோலிக்கர் குனிந்து பார்த்தார். பார்த்தபின் காஹாலின் பக்கம் சேர்ந்துவிட்டார். தம் கொள்கையை அந்த வயதில் மாற்றிக்கொண்ட கோலிக்கரையும் நான் வணங்குகிறேன்.

1892 முதல் 1922 வரை மத்ரித் பல்கலைக்கழகத்தில் காஹால் கற்பித்தார். மனப்பாடக் கல்வியால் அடிபட்ட மாணவன், மாணவர்களை நுண்ணோக்கியின் முன் உட்காரவைத்துப் பார்க்கவும் வரையவும் பழக்கும் ஆசிரியரானார். ஓய்வு நேரத்தில் விஞ்ஞானக் கதைகள் எழுதினார். 1905-இல் அவற்றை டாக்டர் பாக்டீரியா என்ற புனைபெயரில் வெளியிட்டார். பெண்கள் ஆய்வுக்கூடங்களில் அரிதாகவே நுழைந்த அந்நாளில், 1911-இல் லாரா ஃபார்ஸ்டர் என்னும் ஆஸ்திரேலியப் பெண் மருத்துவர் அவருடைய ஆய்வுக்கூடத்துக்கு வந்து, பறவைகளின் தண்டுவட நரம்பிழைகளை ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டார். பின்னர் உலகப் போரில் காயமுற்றோருக்குப் பணிசெய்யச் சென்று 1917-இல் அங்கேயே இறந்தார்.

1906-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கோல்கைக்கும் காஹாலுக்கும் சேர்த்து வழங்கப்பட்டது. முறையைக் கண்டவர் ஒருவர், அம்முறையால் உண்மையைக் கண்டவர் மற்றொருவர். பரிசு உரையில் கோல்கை, மூளை ஒரே வலை என்ற தம் பழைய கருத்தையே நிலைநாட்டிப் பேசி, பக்கத்தில் இருந்தவரின் முடிவைத் தாக்கினார். ஒரே சாயம், ஒரே நுண்ணோக்கி. இருவரும் கண்டதோ வேறு வேறு. தந்தை ஹுஸ்தோ இந்தப் பரிசைப் பார்க்கவில்லை. 1903-இலேயே காலமாகிவிட்டார்.

காஹால் 1934 அக்டோபர் 17-ஆம் தேதி, 82-ஆம் வயதில் மத்ரித்தில் இறந்தார். 1888-ஆம் ஆண்டுப் படங்களில், சிறுமூளைச் செல்லின் கிளைகள்மேல் ரோஜாத் தண்டின் முட்களைப் போல நுண்ணிய புடைப்புகளை வரைந்திருந்தார். மற்றவர்கள் அவற்றைச் சாயத்தின் பிசிறு என்று தள்ளித் தங்கள் படங்களில் விட்டுவிட்டார்கள். அவர் விடவில்லை, வேறு சாயத்தால் சோதித்து, இருக்கின்றன என்று மீண்டும் வரைந்தார். 1959-இல் எலக்ட்ரான் நுண்ணோக்கி அந்த முட்களைக் காட்டியது. ஒரு நியூரான் இன்னொன்றிடமிருந்து செய்தி வாங்கும் இடங்கள் அவை. தொடுவதாகத் தோன்றும் இரண்டு செல்களுக்கும் நடுவே மெல்லிய இடைவெளி இருப்பதும் அந்த ஆண்டுகளில்தான் கண்ணுக்குத் தெரிந்தது.

அவர் வரைந்த ஆயிரக்கணக்கான படங்கள் மத்ரித்தில் பாதுகாக்கப்படுகின்றன. 2017-இல் யுனெஸ்கோ அவருடைய ஆவணங்களை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. அதே ஆண்டு அமெரிக்காவின் மினியாப்பொலிஸ் நகரில் அவருடைய எண்பது படங்களைக் காட்சிக்கு வைத்தார்கள். அவற்றை வைத்த இடம் அறிவியல் கூடமன்று, ஓவிய அருங்காட்சியகம். கறுப்பு மைக்கு அடியில் அழியாத பென்சில் கோடுகளையும், பிழையை மூட வெள்ளை வண்ணம் பூசிய இடங்களையும், ஓரத்தில் பாகங்களுக்கு இட்ட சிறிய எழுத்துகளையும் அப்படங்களில் காணலாம்.